சிஆர்பி ஏறியிருக்கிறது, சரி. எரிவது நாளமா?

நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை ஏற்றி, ஸ்டீராய்டை மெல்லக் குறைத்துவரும் ஒரு வாஸ்குலைட்டிஸ் (இரத்த நாளச் சுவர் அழற்சி) நோயாளி இருமலும் காய்ச்சலுமாக வருகிறார். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 80 மில்லிகிராம். நெஞ்சு எக்ஸ்ரேயில் புதிதாக ஒரு நிழல். நோய் திரும்பியிருந்தால் நோயெதிர்ப்பை இன்னும் அடக்க வேண்டும். கிருமித்தொற்று என்றால் அடக்குவதைத் தளர்த்தி ஆன்டிபயாட்டிக் தர வேண்டும். மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. இந்த இடத்தில் சிஆர்பி வாயைத் திறக்காது. அது கல்லீரலில் சுரக்கும் புரதம். அழற்சிச் செய்தியைக் கொண்டுசெல்லும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் எங்கிருந்து வந்து தட்டினாலும் கல்லீரல் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும். தட்டியது நிமோனியாவா, வீங்கிய நாளச்சுவரா என்று அதற்குத் தெரியாது.

டோசிலிசுமாப் மருந்தில் இருப்பவருக்கு இதுவும் கிடைக்காது. அது இன்டர்லூக்கின்-6 ஏற்பியையே அடைத்துவிடுவதால் சிஆர்பியும் இன்னொரு அழற்சிச் சோதனையான ஈஎஸ்ஆரும் தரையோடு ஒட்டிக் கிடக்கும், பெருந்தமனி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தாலும்.

ஆகவே இந்த நோய்க்கு இரத்தத்தில் புரத பயோமார்க்கர் (நோயைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பான்) தேடுகிறவர்கள் முதலில் விடை காண வேண்டியது, எதிலிருந்து எதைப் பிரித்துக் காட்டும் குறிப்பான் வேண்டும் என்பதற்கு. இதைத் தீர்க்காமல் புரதம் அளக்கும் இயந்திரத்தை முடுக்கினால் கிடைப்பது இன்னொரு சிஆர்பிதான், விலை மட்டும் கூடுதல்.

வாஸ்குலைட்டிஸ் என்பது ஒரே நோயும் அல்ல. 1994இல் சேப்பல் ஹில் மாநாடு வகுத்து 2012இல் திருத்திய பெயரிடல், தாக்கப்படும் நாளத்தின் அளவை முதன்மையாக வைத்துப் பிரிக்கிறது. பெருநாளங்களில் டகயாசு நோயும் ஜயன்ட் செல் ஆர்ட்டெரைட்டிசும். நடுத்தர நாளங்களில் பாலிஆர்ட்டெரைட்டிஸ் நோடோசாவும் கவாசாகி நோயும். சிறுநாளங்களில் ஆன்கா என்ற ஆன்டிபாடி சார்ந்த மூன்று நோய்கள் (ஜிபிஏ, எம்பிஏ, ஈஜிபிஏ), ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ், கிரையோகுளோபுலின் வகை என்று ஒரு கூட்டம். பெருந்தமனிச் சுவரில் ராட்சத செல்கள் கூடிச் செய்யும் வேலையும், சிறுநீரக நுண்குழாயில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வெடித்துச் செய்யும் வேலையும் வேறுவேறு. இவை அனைத்திலும் உயரும் புரதம் ஒன்று கிடைத்தால், அது பொதுவான அழற்சியைக் காட்டுகிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்தத் துறையில் உண்மையாகவே வென்ற குறிப்பான் ஒன்று உண்டென்றால் அது ஆன்கா. நியூட்ரோஃபிலின் உட்பொருளுக்கு எதிராக உடல் செய்யும் ஆன்டிபாடி. 1982இல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் குறிப்பு வந்தது; 1985இல் அது இன்று ஜிபிஏ என்று அழைக்கப்படும் நோயோடு இணைத்துக் காட்டப்பட்டது. அதன் இலக்குகள் பிஆர்3, எம்பிஓ என்ற இரண்டு நொதிகள் என்பது அடுத்து வந்த ஆண்டுகளில் தெளிவானது. 2017இன் சர்வதேச இசைவறிக்கை, மைக்ரோஸ்கோப்பில் ஒளிரும் வடிவம் பார்ப்பதை முதற்படியாக வைக்கத் தேவையில்லை, தரமான பிஆர்3, எம்பிஓ சோதனைகளிலிருந்தே தொடங்கலாம் என்றது. 2022 வகைப்பாட்டு விதிகளில் பிஆர்3 ஆன்கா இருந்தால் ஜிபிஏவுக்கு 5 புள்ளி. எம்பிஓ ஆன்கா இருந்தால் எம்பிஏவுக்கு 6.

ஆனால் நோயின் பெயரைச் சொல்லும் அளவுக்கு அதன் நடப்பைச் சொல்ல ஆன்காவால் முடிவதில்லை. நோய் அடங்கிய பிறகும் சிலருக்கு அது பாசிட்டிவாகவே இருக்கும். அளவு ஏறினால் நோய் திரும்பப்போகிறது என்று நம்பிச் சிகிச்சையை மாற்ற முடியாது. ஏறியும் ஒன்றும் நடக்காதவர்கள் உண்டு, ஏறாமலே நோய் வெடித்தவர்களும் உண்டு. இதயவால்வில் கிருமி தங்கும் எண்டோகார்டைட்டிசிலும், ஹைட்ராலசின், புரொபைல்தையோயூராசில் போன்ற மருந்துகளாலும் ஆன்கா வரலாம். ஜயன்ட் செல், டகயாசு நோயாளிகளுக்கு இதற்கு ஈடான ஆன்டிபாடி சோதனை நடைமுறையில் இல்லவே இல்லை. புரதத் தேடல் இந்த வெற்றிடங்களுக்காகத்தான்.

குழாயிலேயே கெட்டுப்போவது

கிடைத்த குறிப்பான்கள் பொய்த்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை, இரத்தம் எடுத்த மேசையில் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சீரம் எடுப்பதா, பிளாஸ்மா எடுப்பதா? சீரம் என்றால் இரத்தத்தை உறையவிட்டு மேலே தெளிவதை எடுக்கிறோம். உறையும்போது தட்டணுக்கள் தங்கள் பைகளைக் கொட்டிவிடும்: விஇஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, சிசிஎல்5, கரையும் சிடி40 லிகண்ட் போன்ற புரதங்கள் எல்லாம் வெளியே வரும். நியூட்ரோஃபில்களும் எம்எம்பி-9 (திசுவை அரிக்கும் நொதி), எம்பிஓ இவற்றைக் கசியவிடும். வேறு நோய்க்கு இது சிறு தொல்லை. வாஸ்குலைட்டிசில் இது நேரே பொறி. நோய் தீவிரமாக இருக்கையில் தட்டணு எண்ணிக்கை ஏறுவது வழக்கம். ஸ்டீராய்டு கொடுத்தால் நாளச்சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்தில் சேர்வதால் அவற்றின் எண்ணிக்கையும் ஏறும். ஆக நோயாளியின் சீரத்தில் விஇஜிஎஃப் இரட்டிப்பாக இருக்கிறது என்றால், குழாய்க்குள் தட்டணு அதிகம் இருந்தது என்பதே முழு விளக்கமாக இருக்கலாம். எம்பிஓ, கால்புரோடெக்டின் போன்ற நியூட்ரோஃபில் புரதங்களைச் சீரத்தில் அளந்து "ஆன்கா நோயில் உயர்கிறது" என்று எழுதுவதற்கு முன்பு, அதே நாளின் இரத்த அணு எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை பதிவாகவில்லை என்றால் அந்த மாதிரியிலிருந்து இந்த முடிவை எடுக்கவே கூடாது.

இரத்தத்தை உறையவிடாமல் எடுக்கும் பிளாஸ்மாவுக்கும் குறைகள் உண்டு. உறைதலைத் தடுக்கக் குழாயில் இடும் ஈடிடிஏ, கால்சியம், துத்தநாகம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். எம்எம்பி நொதிகளின் செயல்பாட்டை அளக்க நினைத்தால் ஈடிடிஏ குழாயில் அது செத்துக் கிடக்கும். அளவை மட்டும் ஆன்டிபாடியால் அளப்பதென்றால் பரவாயில்லை. இன்னொரு உறைதல் தடுப்பானான ஹெப்பாரின், வெள்ளணுக்களை அழைக்கும் கெமோகைன் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். என் தேர்வு ஈடிடிஏ பிளாஸ்மா. கூடவே பழைய சேகரிப்புகளோடு ஒப்பிடத் தோதாக ஒரு சீரம் குழாய். இரண்டையும் ஒரே ஆய்வில் கலந்து அளப்பது மட்டும் கூடாது.

நடைமுறை இப்படி. கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஈடிடிஏ குழாயை எடுத்ததும் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். சீரம் குழாயை அறை வெப்பத்தில் நிமிர்த்தி 30 நிமிடம் வைக்க வேண்டும்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இன்னும் நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் பிறகு குப்பியில் நார்போல ஃபைப்ரின் மிதக்கும், பிப்பெட் முனை அடைக்கும். பிளாஸ்மாவை ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிவிடுவது நல்லது. அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளேயே வேலை செய்யத் தொடங்கும். இன்டர்லூக்கின்-8 முதலில் ஏறும். காலையில் வெளிநோயாளிப் பிரிவில் எடுத்த ஆரோக்கியர் இரத்தம் உடனே சுழல்கிறது, இரவில் வார்டில் எடுத்த நோயாளி இரத்தம் விடியும்வரை காத்திருக்கிறது என்றால், இரண்டு கூட்டத்துக்கும் இடையே அழகான வேறுபாடு நிச்சயம் கிடைக்கும். நோய்க்கும் அதற்கும்தான் தொடர்பிருக்காது.

சுழற்றும் வேகத்தை "3000 ஆர்பிஎம்" என்று எழுதிவைத்தால் போதாது. விசை, சுழலியின் ஆரத்தைப் பொறுத்தது. 16 செ.மீ. ஆரத்தில் 3000 சுற்று என்பது புவியீர்ப்பைப் போல சுமார் 1600 மடங்கு, 10 செ.மீ. ஆரத்தில் அதே வேகம் சுமார் 1000 மடங்குதான். இரண்டு மையங்கள் ஒரே ஆர்பிஎம்மில் சுழற்றினால் ஒன்றின் பிளாஸ்மாவில் தட்டணு அதிகம் மிஞ்சும். உறைய வைத்து உருக்கும்போது அவை உடைந்து பிஎஃப்4 போன்ற தட்டணுப் புரதங்களைக் கொட்டும். 2000 மடங்கில் 10 நிமிடம் சுழற்றி, வெள்ளணுப் படலத்துக்கு மேலே அரை செ.மீ. விட்டு எடுத்து, மறுபடி ஒருமுறை 2500 மடங்கில் 15 நிமிடம் சுழற்றினால் தட்டணுத் தொல்லை பெருமளவு தீரும். பிறகு 200 மைக்ரோலிட்டர் குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். 1 மில்லிலிட்டர் குப்பியாக வைத்தால், ஒவ்வொரு சோதனைக்கும் மொத்தத்தையும் உருக்கி மீண்டும் உறைய வைக்க நேரும். எத்தனை முறை உருகியது என்று குப்பிக்குக் குப்பி குறித்துவைக்காத சேகரிப்பு, பார்க்கப் பெரிதாக இருக்கும், பயன் கொஞ்சம்தான்.

மாதிரி கெட்டதா என்று பின்னாலும் கண்டுபிடிக்கலாம், அளந்த புரதங்களே சொல்லிவிடும். ஹீமோகுளோபினும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-1உம் பெராக்சிரெடாக்சின்-2உம் ஒன்றாக ஏறினால் சிவப்பணு உடைந்திருக்கிறது. பிஎஃப்4, பிபிபிபி ஒன்றாக ஏறினால் தட்டணுக் கலப்பு. பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் சங்கிலிகள் விழுந்திருந்தால் குழாயில் பாதி உறைந்திருக்கிறது. உங்கள் அருமையான புதுக்குறிப்பான் இந்த மூன்று கூட்டத்தில் ஒன்றோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் வெளிவந்த பட்டியல்கள் ஏராளம்.

எதைக்கொண்டு அளப்பது

ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் ஆல்புமின் சுமார் 40 மில்லிகிராம். ஆரோக்கியரின் இன்டர்லூக்கின்-6 சில பிகோகிராம். ஒன்றுக்கு சுமார் 1000 கோடி என்ற விகிதம். எடையைக் கொண்டு புரதத்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிளாஸ்மாவை அப்படியே கொடுத்தால் மேலே மிதக்கும் சில நூறு புரதங்களைத்தான் நம்பகமாகப் பார்க்கும். மிகுதியான 14 புரதங்களை ஆன்டிபாடித் தூணில் நீக்கிவிட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு திரியும் சிறு புரதங்களும் அதோடு போய்விடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

பிறகு, அந்த இயந்திரம் அளக்கத் தோதாகப் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும் வேலை. யூரியாவில் கரைத்து, டிடிடி போட்டுக் கந்தகப் பிணைப்பை உடைத்து, அயோடோஅசிடமைடால் இருட்டில் அரைமணி மூடி, 50க்கு 1 என்ற அளவில் வெட்டும் நொதியான டிரிப்சின் சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்க வைப்பார்கள். தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. யூரியா இருக்கும்போது சூடேற்றினால் புரதத்தில் கார்பமைல் ஒட்டி, அந்தத் துண்டின் எடை மாறி, தேடலில் காணாமல் போகும். டிரிப்சின் போடுமுன் யூரியாவை 2 மோலாருக்குக் கீழே நீர்க்கவைக்க மறந்தால் நொதி மந்தமாகி, வெட்டு பாதியில் நிற்கும். அன்றைய பிளேட் (மாதிரிகளை வைக்கும் தட்டு) மட்டும் தனியாக விலகித் தெரியும்.

சைட்டோகைன் (செல்கள் அனுப்பும் செய்திப் புரதம்), கெமோகைன் வேண்டுமென்றால் அவற்றைக் கவ்விப் பிடித்து அளக்கும் பிடிப்புவழிச் சோதனைகள்தான். ஓலிங்க் முறையில் ஒரே புரதத்தை இரண்டு ஆன்டிபாடிகள் பிடிக்க வேண்டும். இரண்டின் டிஎன்ஏ வால்களும் நெருங்கி இணைந்தால்தான் சமிக்ஞை. சோமாஸ்கேனில் ஆன்டிபாடிக்குப் பதில் வேதிமாற்றம் செய்த டிஎன்ஏ இழை. ஆயிரக்கணக்கான புரதங்களைச் சில துளியில் பார்த்துவிடலாம். வெளிவரும் எண் ஒப்பீட்டு அளவு, மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று அது சொல்லாது. ஒரே புரதத்துக்கு இந்த இரண்டும் ஒத்துவராத சந்தர்ப்பங்களும் உண்டு. மரபணு மாற்றத்தால் பிடிக்கும் இடத்தின் வடிவம் மாறியிருந்தாலே அளவு குறைந்ததுபோல் தெரியும். எனவே தேறிய நாலைந்து புரதங்களை எலைசா என்ற ஆன்டிபாடிச் சோதனையிலாவது இன்னொருமுறை அளந்தே ஆக வேண்டும்.

தன்னெதிர்ப்பு நோயாளியின் இரத்தத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. ருமட்டாய்டு ஃபாக்டர். இது ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடி. எலைசாவில் கீழே ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியையும் மேலே வரும் ஆன்டிபாடியையும், நடுவில் புரதமே இல்லாமல், இதுவே பாலம் போட்டு இணைத்துவிடும். கிரையோகுளோபுலின் வாஸ்குலைட்டிசில் ருமட்டாய்டு ஃபாக்டர் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும்; அங்கே பத்து சைட்டோகைன் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். மாதிரியை 2, 4, 8 மடங்கு நீர்க்கவைத்துப் பாருங்கள். உண்மையான புரதம் என்றால் அளவு நேராகக் குறையும், பாலம் என்றால் கோணலாகப் போகும். தடுப்புக் கரைசல் சேர்த்ததும் சட்டென்று விழுந்தாலும் அதே தீர்ப்புதான்.

ஒப்பிட யாரை வைத்துக்கொள்வது

நாற்பது நோயாளி, நாற்பது ஆரோக்கியர், மூவாயிரம் புரதம். இந்த ஏற்பாட்டில் நூற்றுக்கணக்கான வேறுபாடு வரும், எல்லாம் உண்மையாகவும் இருக்கும், எதுவும் பயன்படாது. மருத்துவமனையில் யாரும் வாஸ்குலைட்டிசையும் ஆரோக்கியத்தையும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் வருவது நிமோனியாவோடு, எண்டோகார்டைட்டிசோடு, லூபஸோடு, புற்றுநோயோடு, கொழுப்புப் படிந்த தமனியோடு. ஒப்பீட்டுக் கூட்டத்தில் இவர்கள் இருக்க வேண்டும். நோயின் ஏற்ற இறக்கத்துக்கான குறிப்பான் என்றால் அதே ஆளின் தீவிர நிலை மாதிரியையும் தணிந்த நிலை மாதிரியையும் ஜோடியாக வைக்க வேண்டும். அவரவருக்கு அவரவரே அளவுகோல்.

இதற்கு நல்ல உதாரணம், 2013இல் வெளியான ஓர் ஆய்வு. ரிட்டுக்சிமாபைச் சோதித்த ரேவ் மருந்தாய்வின் சேமித்த சீரத்தை எடுத்து, 28 புரதங்களை, நோய் கடுமையாக இருந்தபோதும் ஆறு மாதம் கழித்தும் அளந்தார்கள். எம்எம்பி-3, டிம்ப்-1, சிஎக்ஸ்சிஎல்13 மூன்றும் ஈஎஸ்ஆர், சிஆர்பியைவிட நன்றாகப் பிரித்துக் காட்டின. திசு சிதைவு ஒன்று, சிதைவுக்குக் கடிவாளம் ஒன்று, ஆன்டிபாடிக்கு வழிவகுக்கும் வெள்ளணுவான பி செல்லை அழைக்கும் கெமோகைன் ஒன்று என்று மூன்றும் மூன்று திசையிலிருந்து வந்தன; உயிரியல் பொருந்துகிறது. ஆனால் கடும்நோயையும் தணிவையும் பிரிப்பது இருப்பதில் சுலபமான வேலை. தேவைப்படுவது, மூக்கில் லேசாக ரத்தம் கசியும் நாளில் இது திரும்புகிறதா என்று சொல்வது.

எம்எம்பி-3இல் இன்னொரு முள்ளும் உண்டு: ஸ்டீராய்டு கொடுத்தாலே அது ஏறும். மருந்தின் அளவைக் கணக்கில் சேர்க்காமல் அதைப் படித்தால், மருந்தை அளந்துவிட்டு நோயை அளந்ததாக நினைப்போம். இதேபோல ரிட்டுக்சிமாபுக்குப் பிறகு பி செல் குறைந்து, அதை வாழவைக்கும் பாஃப் என்ற புரதம் உயரும். டோசிலிசுமாபுக்குப் பிறகு இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 ஏறும், ஏனென்றால் ஏற்பி அடைபட்டதால் அதை உள்வாங்கிக் கழிக்க வழியில்லை. நோய் தணிந்தவருக்கு அதிகமாகவும் தீவிரமானவருக்குக் குறைவாகவும் இன்டர்லூக்கின்-6 காட்டும் தலைகீழ் வரைபடம் இப்படித்தான் பிறக்கிறது.

சிறுநீரகத்தையும் மறக்கக் கூடாது. 30 கிலோடால்டனுக்குக் கீழான சிறு புரதங்களை வடிகட்டிக் கழிப்பது அதுதான். ஆன்கா நோயில் அடிக்கடி அடிபடுவதும் அதுவே. வடிகட்டும் திறன் விழுந்தால் சிஸ்டாடின் சி, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், டிஎன்எஃப் ஏற்பி-1 எல்லாம் தேங்கும். அப்படி ஏறிய புரதத்தை அழற்சிக் குறிப்பான் என்று பெயரிட்டால், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் சோதனை பல பத்தாண்டுகளாகச் சொன்னதையே சுற்றிவளைத்துச் சொல்கிறோம். கிரியாட்டினினைச் சமன்பாட்டில் சேர்த்த பிறகும் நிற்கிறதா என்பதே கேள்வி.

கணக்குப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் விதிகள் தெரிந்தவையே, மீறுவதுதான் வழக்கம். 3000 புரதத்தை 0.05 வரம்பில் சோதித்தால் ஒன்றுமே இல்லாதபோதும் சுமார் 150 தற்செயலாகத் தேறும். ஆகவே தவறான கண்டுபிடிப்பு வீதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். 96 குழி பிளேட்டில் ஒரு கூட்டம் முதல் பிளேட்டிலும் மற்றது இரண்டாவதிலும் இருக்கக் கூடாது. ஒரே ஆளின் ஜோடி மாதிரிகள் ஒரே பிளேட்டில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பிளேட்டிலும் அதே கலவை மாதிரி சில குழிகளில் ஓட வேண்டும். புரதங்களைத் தேர்ந்தெடுக்கும் படியும் குறுக்குச் சரிபார்ப்புக்கு (ஒரு பகுதியில் கற்று மறுபகுதியில் சோதிக்கும் முறை) உள்ளேதான் நடக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் நோயாளி, ஒப்பீட்டாளர் என்ற அடையாளங்களைக் குலுக்கிப் போட்டு மொத்தக் கணக்கையும் மறுபடி பல முறை ஓட்டுங்கள். பிரித்துக் காட்டும் திறனைச் சொல்லும் ஆர்ஓசி வளைவின் பரப்பு, சராசரியில் 0.5ஐ, அதாவது வெறும் குருட்டு ஊகத்தை, சுற்றி நிற்க வேண்டும். 0.7 காட்டினால் எங்கோ விடை கேள்விக்குள் கசிந்திருக்கிறது.

எல்லாம் சரியாக அமைந்து, நோயுள்ளவரில் 90 சதவீதத்தினரைப் பிடித்து, நோயில்லாதவரில் 90 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் சோதனை கிடைத்தது என்றே வைப்போம். காய்ச்சல், மூட்டுவலி என்று வரும் 1000 பேரில் 20 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சோதனை 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 98 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் வந்த 116 பேரில் 18 பேருக்குத்தான் நோய், ஆறில் ஒருவர்கூட இல்லை. அதே சோதனையை, ஏற்கெனவே நோய் உறுதியாகி, திரும்பியிருக்கலாம் என்று பாதிக்குப் பாதி சந்தேகம் இருப்பவரிடம் செய்தால் பத்தில் ஒன்பது முறை பாசிட்டிவ் சரியாக இருக்கும். ஒரு குறிப்பானை எங்கே பயன்படுத்துவது என்பது இப்படித்தான் முடிவாகிறது.

இரத்தத்தில் தேடும் கட்டுரையில் சிறுநீரைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுநீரகத்துக்குள் நோய் எரிகிறதா என்று அறிய இப்போது இருப்பதில் நம்பிக்கை தருவது கரையும் சிடி163. வீங்கிய குளோமெருலஸில் (சிறுநீரக வடிகட்டியில்) உள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல் உதிர்க்கும் புரதம், நேரே சிறுநீரில் விழுகிறது. எரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாளியை வைப்பதுபோல. அளவைக் கிரியாட்டினினால் வகுத்துச் சொல்வார்கள். ஆனால் சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போகும் ஆளுக்கு, இரத்தத்திலிருக்கும் சிடி163உம் ஓட்டை வழியே சேர்ந்து வரும் என்பதால், அவருக்கு மொத்தப் புரத அளவையும் பக்கத்தில் வைத்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

முதலில் சொன்ன இருமல் நோயாளிக்கு இது உதவாது, அவர் பிரச்சினை நுரையீரலில். அவருக்கு இன்றும் சளிக் கல்ச்சர், சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் கழுவல் என்றுதான் போக வேண்டியிருக்கிறது. அவருக்காக ஒரு புரதத்தைத் தேடுகிறவர்கள், வாஸ்குலைட்டிஸ் மருந்தில் இருக்கும்போது நிமோனியா வந்தவர்களின் பிளாஸ்மாவை, ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே எடுத்துச் சேர்த்துவைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் குப்பிகள் இல்லாமல் எந்த இயந்திரம் வாங்கியும் பயனில்லை.